வாசனை சொல்லாது

வானொலியில் "இந்தப் பழம் மீட்டுக்கொள்ளப்படுகிறது" என்று வாசிக்கப் பத்து விநாடி போதும். அடுத்தது பாட்டு.

2018 மார்ச்சில் அப்படி ஒரு செய்தி வந்தது. ஆஸ்திரேலிய முலாம்பழத்தில் லிஸ்டீரியா கிருமி. அந்த நோய்ப் பரவலில் அங்கே 7 பேர் உயிரிழந்தார்கள். ஒரு தாயின் கரு கலைந்தது. அந்தப் பழம் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்திருந்தது.

அப்போது என் அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. உடம்புக்குக் குளிர்ச்சி என்று அம்மா வெட்டி வைத்த முலாம்பழம் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. வீசச் சொன்னேன். "வாசனையாத்தானே இருக்கு, காசு போட்டு வாங்கினது" என்றார் அம்மா.

வாசனையில் இது தெரியாது. சொரசொரத்த தோலில் ஒட்டிய கிருமி கழுவினாலும் முழுதாகப் போகாது. வெட்டும்போது கத்தியோடு உள்ளே இறங்கும். குளிரிலும் பெருகும். நன்றாகச் சமைத்தால் சாகும். முலாம்பழத்தை யார் சமைப்பார்கள்? கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சல்போல வந்து வயிற்றுப் பிள்ளையைத் தாக்கலாம். நோய் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம்.

இதைச் சொன்னதும் அம்மா டப்பாவோடு வீசினார். அக்கா ஏற்கெனவே சாப்பிட்டது எந்தத் தோட்டத்துப் பழம் என்று தெரியாமலே பிரசவம்வரை காத்திருந்தோம். பிள்ளை நலமாகப் பிறந்தான்.

இப்போதெல்லாம் பழத்தின் பெயரையும் நாட்டையும் இரண்டு முறை வாசிக்கிறேன். கேட்கும் நீங்கள், வீட்டில் சமைப்பவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். அறிவிப்பு நேரத்தில் அவர் ஈரச்சந்தையில் இருந்திருக்கலாம்.