ஈரலுக்குப் போயிடுச்சுன்னு சொன்னாங்க

இந்த ஆடித் திருவிழாவில் கூழ் காய்ச்ச நம்ம அண்ணன் ஏன் வரலைன்னு பலரும் கேட்டீங்க. எழுதலாம்னு அவரே சொல்லிட்டார், அதனால எழுதுறோம்.

ஒரு வருஷமா அவருக்கு மலத்தில் ரத்தம். மூலமாத்தான் இருக்கும்னு நாங்களே முடிவு பண்ணி, கருணைக்கிழங்கு சாப்பிடுங்க, மோர் குடிங்கன்னு சொன்னோம். உடம்பு இளைச்ச பிறகுதான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் புற்றுநோய். ஸ்கேனில் கல்லீரலில் மூணு கட்டி.

ஈரலுக்குப் போயிட்டா அவ்வளவுதான்னு நினைச்சோம். கத்தி வச்சா இன்னும் பரவும்னு சொல்லி ஆபரேஷன் வேணாம்னு தடுத்ததும் நாங்கதான். ஆறு வாரம் வீணாப் போச்சு. அதை நினைச்சா இன்னைக்கும் மனசு உறுத்துது.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். குடலில் இருந்து வர்ற ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அதனாலதான் நோயும் அங்கே போய் உட்காருது. எல்லாருக்கும் வெட்ட முடியாது, பரவினவங்களில் சுமார் அஞ்சு பேரில் ஒருத்தருக்குத்தான் முடியும். கட்டியை முழுசா எடுக்க முடிஞ்சா 100 பேரில் 40 பேருக்கு மேல அஞ்சு வருஷம் தாண்டி இருக்காங்களாம். மிச்சம் இருக்கிற ஈரல் நல்லா இருந்தா, முக்கால்வாசி எடுத்தாலும் திரும்ப வளருமாம். வெட்டின வாழை துளிர்க்கிற மாதிரி!

முதலில் குடல் ஆபரேஷன், அப்புறம் கீமோ. கட்டி சுருங்கின பிறகு ஈரல் ஆபரேஷனுக்குச் செலாயாங் மருத்துவமனை. வலது பக்கம் முழுசும் எடுத்துட்டாங்க. நாங்க வெளியே காலையில் உட்கார்ந்தவங்க, இருட்டினதுக்கு அப்புறம்தான் எழுந்தோம். மூணு மாசம் கழிச்சு எடுத்த ஸ்கேனில் ஈரல் வளர்ந்திருந்தது.

நோய் திரும்ப வரலாம்னும் டாக்டர் சொல்லியிருக்கார். குறிப்பிட்ட மாசத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். அண்ணன் இப்போ வெள்ளிக்கிழமை வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உப்பு பத்தலைன்னு எங்களைத் திட்டுறார்.

50 வயசு தாண்டினவங்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் அது காட்டும். ரத்தம் கண்ணுக்கே தெரிஞ்சா அதுக்காகக் காத்திருக்காம நேரா டாக்டரைப் பாருங்க. வர்ற திங்கள் காலை 8 மணிக்குக் கோயில் வாசலில் வேன் நிற்கும். கூச்சப்படாம வாங்க, ஐசி மறக்காதீங்க.