அக்காவிடம் சொல்லாதது

ரொறன்ரோவில் வீடுகளுக்கு ஸ்ப்ரே ஃபோம் அடிப்பது என் தொழில். நல்ல தொழில். அதை நான் கெடுத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மைனஸ் 20 பாகைக் குளிரில், பழைய வீடொன்றின் பேஸ்மென்டில், அத்திவாரச் சுவரின்மேல் மரச்சட்டம் அமரும் விளிம்பில் கை வைத்தால் காற்று ஊசியாய்க் குத்தும். கண்ணாடிப் பஞ்சைத் திணித்தாலும் அதற்குள்ளால் வந்துவிடும். ஃபோமிடம் அது நடக்காது. ஒரு பீப்பாயில் ஐசோசயனேட், மற்றதில் பாலியோல். சூடேற்றிய குழாய்களில் தனித்தனியே வந்து, துப்பாக்கி முனையில்தான் இரண்டும் கலக்கும். சுவரில் பட்ட சில நொடிகளில் முப்பது மடங்குவரை பொங்கி, இடுக்கெல்லாம் புகுந்து இறுகும். குளிரையும் மறிக்கும், காற்றையும் மறிக்கும். ஃபர்னஸ் ஓயாமல் ஓட வேண்டியதில்லை.

ஆனால் கலக்கும்போது கடும் சூடு பிறக்கிறது. ஆகவே ஒரு தரத்துக்கு இரண்டு அங்குலம்தான் அடிக்கலாம். ஆறிய பிறகே அடுத்தது. ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. அதனால் 24 மணி நேரமாவது வீட்டில் ஆட்கள் இருக்கக்கூடாது. பயிற்சியில் முதலில் படித்ததே இதுதான்.

கைக்குழந்தையோடு இருந்த ஓர் அக்கா, விலை பேசும்போது, "நாங்கள் வெளியில போய் நிக்க வேணுமோ தம்பி?" என்று கேட்டார். ஆமென்றால் வேலை கைவிட்டுப் போகுமென்று பயந்தேன். "ஒண்டும் செய்யாது அக்கா, மேல படுங்கோ" என்றேன். வேலை நாளில் முழு உடுப்பும், வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடியும் எனக்கு இருந்தன. மேலே குழந்தை அழுதது எனக்குக் கேட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மாறாக, அடுத்த வேலைக்கு நேரமாகிறதென்று நான்கு அங்குலத்தையும் ஒரே தரத்தில் அடித்து முடித்தேன்.

மீன் நாற்றம் போகவில்லையென்று போன் வந்தது. போய்விடும் என்றேன். பிள்ளைக்கு இருமல் என்று திரும்ப வந்தபோதுதான் போனேன். வெட்டிப் பார்த்தால் வெளித்தோல் நன்றாக இருந்தது. நடுப்பகுதி பழுப்பாய்க் கருகிக் கிடந்தது. அவர்களை வெளியே தங்கவைத்து, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, முறைப்படி திரும்ப அடித்தேன். பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் இப்படி ஆனதென்று அக்கா கேட்டார். ஃபோம் மருந்தில் கோளாறு என்றேன். மருந்தில் ஒரு கோளாறும் இருக்கவில்லை.