எந்த அட்டையிலும் இல்லாத மூவர்

தமிழகத்தில் குடும்ப அட்டை என்பது அரிசி வாங்குவதற்கு மட்டும் உரியதன்று. 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைக்கும் அரிசி ஒருபுறமிருக்க, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கும், 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் அதையே முதலில் கேட்கிறார்கள். புதிய அட்டை வேண்டுவோர் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு அட்டைகளில் இருக்கலாகாது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பெயரை நீக்கிய பின் புதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் என் செய்வது?

கண்ணமங்கலத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரிக்கு இதுவே நேர்ந்தது. கணவர் வஃபாத்தானபின், இத்தா காலமாகிய நான்கு மாதமும் பத்து நாளும் அவ்வீட்டிலேயே கழித்தார். பின்னர் அதே வீட்டின் பின்கட்டில் இரு பிள்ளைகளுடன் தனியே சமைக்கத் தொடங்கினார். பட்டு நெசவுக்குத் தார் சுற்றும் கூலிதான் வருமானம். மாமனாரின் அட்டையிலிருந்து மூவர் பெயரையும் நீக்கி விண்ணப்பித்தார். விசாரணைக்கு வந்தவர் முன்வாசல் ஒன்றாயிருப்பதைப் பார்த்துத் திரும்பினார். 'தனிச் சமையலறை இல்லை' என்ற ஒற்றை வரியுடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இளைய பிள்ளைக்குக் காதில் அறுவை சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. காப்பீட்டுக்கு அட்டை இல்லை.

ஆலோசனைகளுக்குப் பஞ்சமில்லை. பணம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒரு தரகர் சொன்னார். வேறு தெருவில் வாடகைக்கு இருப்பதாக எழுதித் தரச் சொன்னார் இன்னொருவர். அவர் தொழுகையாளி என்பதுதான் எங்களுக்கு வியப்பு. லஞ்சமும் வேண்டாம், பொய்ச் சாட்சியும் வேண்டாம் என்று அச்சகோதரி உறுதியாய் மறுத்துவிட்டார். பழைய அட்டையிலேயே மீண்டும் சேர்ந்துவிடலாம் என்பது நேர்மையான யோசனைதான். ஆனால் தன் அடுப்புக்குத் தானே பொறுப்பு என்று நிற்பவரை அப்படிக் கட்டாயப்படுத்த எங்களுக்கு மனமில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் பதிவேட்டைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் செய்தி ஒன்றுண்டு. பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்பது முதலில் இருந்த விதி. அதற்காக ஒரு தாய் தன் குழந்தையை முன்கூட்டியே பால் மறக்கச் செய்ய, அதன் அழுகையை இரவில் கேட்ட உமர் (ரலி), பிறந்த நாள் முதலே தொகை உண்டு என்று விதியை மாற்றினார்களாம். பதிவேட்டைக் காப்பவர் வீட்டுக்குள் கேட்கும் குரலையும் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்களால் விதியை மாற்ற இயலாது. அடுப்பைக் காட்ட இயலும். அவர் பெயரிலுள்ள எரிவாயு இணைப்பின் ரசீது, கணவரின் இறப்புச் சான்று, பெயர் நீக்கச் சான்று, மூவரின் ஆதார் ஆகியவற்றைத் திரட்டினோம். எல்லாவற்றிலும் கனமானது மாமியார் கைநாட்டிட்டுத் தந்த கடிதம். மருமகள் தனியே உலை வைக்கிறாள் என்று ஊரறியச் சொல்வது அவருக்கு எளிதன்று. மகனை இழந்த வீட்டில் பாகமும் பிரிந்ததாகப் பேசுவார்களே என்று இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் மையைத் தாமே கேட்டு வாங்கினார்.

மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும். அங்கே மனுவைக் கொடுத்து, வாசலை அல்ல, சமையலிடத்தைப் பார்த்து முடிவு செய்யுமாறு எழுத்தில் வேண்டி, ஒப்புகைச் சீட்டும் பெற்றோம். விண்ணப்பத்தையும் புதிதாகப் பதிந்தோம். இம்முறை வந்த அலுவலர் பின்கட்டு வரை நடந்தார். கொதித்துக்கொண்டிருந்த குழம்பைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டார்.

அல்ஹம்துலில்லாஹ், அட்டை வந்தது. குடும்பத் தலைவி என்ற இடத்தில் அவர் படமே இருந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வீட்டின் மூத்த பெண்ணையே தலைவியாகக் கொள்கிறது என்பதைப் பலர் அறியார். காப்பீட்டுப் பதிவுக்கான வருமானச் சான்றுக்கு இப்போது விண்ணப்பித்திருக்கிறோம். பிள்ளையின் சிகிச்சைக்காக துஆச் செய்யுங்கள்.