அம்மாவின் சங்கிலியும் அந்த நீளக் காடியும்

என் அம்மாவுக்கு வருடக் கணக்கு தெரியாது. "அது காடிக்கு முந்தி", "இது காடி வந்த பிறகு" என்றுதான் சொல்வார். அக்காள் வயசுக்கு வந்தது காடிக்கு முந்தி. தாத்தா இறந்தது காடி வந்த பிறகு. நான் ஆறாம் வகுப்பில் அடிவாங்கியதுகூட காடி வந்த பிறகுதான். எங்கள் வீட்டில் கடிகாரம், நாள்காட்டி எல்லாமே அந்த ஒரு வண்டிதான்.

அது ஒரு ஹோல்டன் கிங்ஸ்வூட். பிறந்தது ஆஸ்திரேலியாவில் என்றாலும் வம்சம் அமெரிக்க வம்சம். 1931லேயே ஹோல்டனை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிவிட்டது. எழுபதுகளில் அமெரிக்கர்கள் ஓட்டிய கெடிலாக், லிங்கன் வகைக் கார்களை நாங்கள் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். ஆறு மீட்டரைத் தொடும் நீளம். எல்டொராடோவில் 8.2 லிட்டர் இயந்திரம். அவற்றுக்கு ஸ்டியரிங் இடது பக்கம், நமக்கு வலது பக்கம். ஆகவே அந்தப் பெரிய கப்பலின் தம்பியாக நமக்கு வந்து சேர்ந்தது ஹோல்டன். ஏறக்குறைய 4.8 மீட்டர் நீளம், ஆறு சிலிண்டர், 3,310 சிசி. முன்பக்கமும் பின்பக்கமும் சோபா மாதிரி ஒரே நீள இருக்கை. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும், அதனால் முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

அப்பா குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் துரையும் 1977இல் மூட்டை கட்டினார். போகும்போது வண்டியை விற்க வேண்டும். பதினைந்து வருடம் அந்தத் துரைக்குக் கணக்கு எழுதிய அப்பாவுக்கு அந்த வண்டியின் மேல் ஒரு கண். விலை 3,800 வெள்ளி. அப்பாவிடம் இருந்தது இரண்டாயிரம். மீதிக்கு அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி குளுவாங்கில் ஒரு அடகுக்கடைக்குப் போனது.

"ஆறே மாசம், திருப்பிடறேன்" என்றார் அப்பா.

வண்டி வந்த அன்று லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அதைச் சுற்றி நின்றோம். வெளிர் பச்சை நிறம். கதவைச் சாத்தினால் 'டப்' என்று ஒரு கனமான சத்தம் வரும், இரும்புப் பெட்டி மூடுவது மாதிரி. அந்தச் சத்தத்துக்காகவே திறந்து திறந்து மூடி, அப்பாவிடம் குட்டு வாங்கினேன்.

அதன் பிறகுதான் வேடிக்கை. அடுத்து வந்த துரை நம் நாட்டுக்காரர், இளைஞர். அவர் ஓட்டி வந்தது ஒரு சின்ன டட்சன். துரை டட்சனில் வர, கிராணி ஹோல்டனில் வந்து இறங்கலாமா? யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு அது உறைத்துவிட்டது. அன்றிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போனார். வண்டியைப் புகைவீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட் காயும் வாடைக்கு நடுவே சாக்குப் போட்டு மூடி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாக்கை எடுத்து, துடைத்து, எங்களை ஏற்றிக்கொண்டு ஆயர் ஹீத்தாம் வரை ஒரு சுற்று. முழங்கை ஜன்னலுக்கு வெளியே இருக்கும். தோட்டத்து எல்லையைத் தாண்டிய பிறகுதான் அந்த முழங்கை வெளியே வரும். இதை நான் பெரியவனான பிறகே யோசித்தேன்.

எண்ணெய் குடிப்பதில் அதற்கு நிகர் அதுதான். ஒரு கேலனுக்குப் பதினாறு மைல் போனால் அதிர்ஷ்டம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோதே உலகம் முழுவதும் பெரிய கார்களின் கதை ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் 1977 மாடலில் இருந்து பெரிய கார்களை நறுக்கிச் சின்னதாக்கிவிட்டது. அதாவது, உலகம் கைவிட ஆரம்பித்த வருடத்தில் பார்த்துத்தான் எங்கள் அப்பா வாங்கியிருக்கிறார்! அடுத்து 1979இல் ஈரான் புரட்சி வந்து விலை மறுபடி ஏறியது. அதற்குப் பிறகு ஆயர் ஹீத்தாம் சுற்று, தோட்டத்துக் கோயில் வரை போய்த் திரும்புவதாகச் சுருங்கியது.

ஒரு நாள் ராத்திரி நினைவில் இருக்கிறது. பால் வெட்டும் அக்காள் ஒருவருக்குப் பிரசவ வலி. தோட்டத்து லோரி பழுது. அப்பா சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பின் இருக்கையில் அந்த அக்காளைப் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா. டார்ச் லைட் பிடிக்க நான் முன்னால். பட்டணத்துக்குள் நுழையும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அப்பா இரண்டு முறை இறங்கிப் போய் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கேட் திறந்து, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய கால் மணி நேரத்தில் பெண் குழந்தை.

மறுநாள் காலையில் அம்மா இருக்கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இன்னிக்குத்தான் இந்தக் காடி சம்பாதிச்சிருக்கு."

சங்கிலி மட்டும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்பா போய் வட்டி கட்டி, சீட்டை மாற்றிக்கொண்டு வருவார். டயர் மாற்ற வேண்டிய ஒரு வருடத்தில் வட்டி கட்டவில்லை. தவணை முடிந்து சங்கிலி மூழ்கிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. 1982இல் அக்காள் கல்யாணத்துக்குச் சங்கிலியை மீட்டு வரச் சொல்லி அம்மா கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. அன்றிலிருந்து அம்மா அந்த வண்டியில் ஏறவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தன்று எல்லோரும் ஹோல்டனில் போக, அம்மா பெண் வீட்டுப் பஸ்ஸில் வந்தார்.

எண்பதுகளின் நடுவில் நாடு முழுக்கப் பொருளாதாரம் படுத்தபோது அறுநூறு வெள்ளிக்கு வண்டி இரும்புக்குப் போனது. அப்பா வாசலில் நின்று பார்க்கவில்லை.

இந்தக் கதையெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? 2009இல் உலு திராமில் ஒரு பட்டறையில் அதே வெளிர் பச்சையில் 1973 கிங்ஸ்வூட் ஒன்றைப் பார்த்து வாங்கிவிட்டேன். அப்போது பாசிர் கூடாங்கில் எனக்கு வேலை. மனைவியிடம் பாதி விலையைத்தான் சொன்னேன். அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வாங்குவது ஒரு செலவு, வைத்திருப்பது ஒன்பது செலவு. இந்த வகை ஹோல்டனுக்குப் பின் கண்ணாடிக்குக் கீழே துரு பிடிப்பது பிறவிக் குணம். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி பூட்டில் தேங்கும். ஜொகூர் மழை சும்மா விடுமா? சில உதிரிப் பாகங்களை ஆஸ்திரேலியாவில் இருந்து தபாலில் வரவழைத்தேன். எழுபதுகளில் தம்போயிலேயே ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பொருத்தும் தொழிற்சாலை இருந்தது, 'ஹரிமாவ்' என்று ஓர் எளிய வண்டியை அங்கே செய்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர்தான் எனக்கு கார்புரேட்டரைச் சரிசெய்து கொடுத்தார். காதை வைத்தே பழுதைச் சொல்லிவிடுவார்.

பிறகு சாலை வரி. ஆயிரம் சிசிக்குள் இருக்கும் என் மனைவியின் ஆக்சியாவுக்கு வருடம் 20 வெள்ளி. என் ஹோல்டனுக்கு வழக்கமான கணக்குப்படி 3,500 வெள்ளிக்கு மேல். இரண்டு ரசீதையும் ஒரே மேசையில் வைக்கக்கூடாது என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

முதல் முறை அதை ஓட்டிக்கொண்டு குளுவாங்குக்குப் போனபோது அம்மா வாசலில் நின்று வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு யாரு சங்கிலி?"

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

2019இல் மகனுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. கடன் வாங்கலாம் என்றேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் கார் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அப்பா கடைசிவரை வாய் திறக்காததுதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றிரவே வாங்கிய விலை, செலவழித்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்குக் கோபம் வர இரண்டு நாள் ஆனது, போக இரண்டு மாதம்.

அம்மா அப்போது எங்களோடு இருந்தார். விற்ற பணத்தில் அவருக்கும் ஒரு சங்கிலி வாங்கித் தருகிறேன் என்றேன். "இப்ப எதுக்குடா? கழுத்து எங்க இருக்கு போட?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

வாங்க வந்தது மூவாரில் இருந்து ஓர் இளம் தம்பதி. அந்தத் தம்பி கதவைத் திறந்து பார்க்க, அம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்:

"ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான் வாங்குறாராம்மா?"

"வாங்குறது நான்தான் பாட்டி. அவருக்குப் பயம்."

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கி, அந்தப் பெண்ணே ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். கியர் எங்கே என்று நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. கதவு 'டப்' என்று சாத்தியது. அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசல் கேட் வரை போனார்.

"பின்னால பார்த்து எடும்மா. நீளம் ஜாஸ்தி."