பேனாக்களுக்கும் ஒரு மருத்துவமனை

கல்கத்தா மாநகரை எழுத்தர்களின் நகரம் என்று சொன்னால் அது மிகையாகாது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கணக்குகளையும் கடிதங்களையும் எழுதுவதற்காக இங்கிலாந்திலிருந்து இளைஞர்களை வரவழைத்தது. அவர்களுக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். அவர்களுக்காக 1777ஆம் ஆண்டில் எழும்பத் தொடங்கிய மாளிகைதான் இன்றும் செந்நிறத்தில் நீண்டு நிற்கும் ‘ரைட்டர்ஸ் பில்டிங்’. 2013ஆம் ஆண்டு வரை மேற்கு வங்க அரசின் தலைமைச் செயலகம் அங்கேதான் இயங்கியது. நம்மூர்க் காவல் நிலையத்தில் ‘ரைட்டர்’ என்று ஒருவர் அமர்ந்திருக்கிறாரே, அவருடைய பதவிப் பெயருக்கும் அந்தக் காலத்து வாடையே அடிக்கிறது.

வங்காளிகள் பேனாவை ‘கலம்’ என்றே அழைக்கின்றனர். அது நம் பெரியவர்கள் அரபுத்தமிழ் ஏடுகளை எழுதப் பயன்படுத்திய அதே ‘கலம்’ என்ற அரபுச் சொல். மையும் கலமும் மனமும் ஆகிய மூவரும் கூடினால்தான் எழுத்து பிறக்கும் என்பது அவர்களுடைய பழமொழி. அந்த மையைக்கூட வெள்ளையனிடமிருந்து வாங்கலாகாது என்ற சுதேசி உணர்ச்சியில், 1934ஆம் ஆண்டில் ராஜ்ஷாஹி நகரில் சகோதரர்கள் தொடங்கிய ‘சுலேகா’ மை பின்னர் கல்கத்தாவுக்குக் குடியேறியது. 1980களின் இறுதியில் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலை 2006ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. ஜாதவ்பூர் பகுதியில் ஒரு நாற்சந்தியே அதன் பெயரால் வழங்குகிறது. மைக்குப்பியின் பெயரை நாற்சந்திக்குச் சூட்டிய ஊர் உலகில் எத்தனை இருக்கும்?

தர்மதலாவில்

2001ஆம் ஆண்டு முதல் ‘கொல்கத்தா’ என்று பெயர் மாறிவிட்ட இந்நகரின் நடு நெஞ்சம் எஸ்பிளனேடு. மக்கள் அதைத் தர்மதலா என்பர். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் இங்கிருந்துதான் பவானிபூருக்குப் புறப்பட்டது.

இங்கே பல குவிமாடங்களோடு எழிலுற நிற்கும் திப்பு சுல்தான் மஸ்ஜிதைக் காணும் தமிழ் முஸ்லிமின் உள்ளம் சற்றே கனக்கும். திப்புவின் குடும்பத்தாரை ஆங்கிலேயர் முதலில் சிறை வைத்தது நம் வேலூர்க் கோட்டையில்தான். 1806ஆம் ஆண்டு அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு நாடு கடத்தினர். திப்புவின் இளைய மகனார் இளவரசர் குலாம் முஹம்மது 1842ஆம் ஆண்டில் எழுப்பியதே இந்த இறையில்லம்.

இதே தர்மதலா வட்டாரத்தில், சௌரங்கிச் சாலையின் நடைபாதை நெரிசலுக்கிடையே, ‘பென் ஹாஸ்பிடல்’ என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். ஆம், பேனா மருத்துவமனை! ஒரு முஸ்லிம் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் சின்னஞ்சிறு கடை அது. மருந்து வாடைக்குப் பதில் மை வாடை. கட்டிலுக்குப் பதில் கண்ணாடிப் பெட்டி. நோயாளி சட்டைப்பையில் வருவார். உடன் வருபவர்தான் பதறிக்கொண்டு வருவார்.

சேகரிப்போர் என்னும் இனம்

இத்தகைய கடைகளைச் சுற்றி ஒரு விசித்திர மனித இனம் வாழ்கிறது. அவர்களே ஊற்றுப் பேனாச் சேகரிப்பாளர்கள். இருவர் சந்தித்தால் நலம் விசாரிக்குமுன் சட்டைப்பையைப் பார்ப்பார்கள். மூவர் கூடினால் கதைகள் தொடங்கும்.

அவர்கள் தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளச் சொல்லும் கதைகளில் முதலிடம் இதற்குத்தான். சேகரிப்பாளர் ஒருவர் புதிதாக வாங்கிய பேனாவோடு வீட்டுக்குள் நுழைகிறார். “மறுபடியும் புதுப் பேனாவா?” என்கிறார் மனைவி. “இல்லையே, பழைய பேனா!” என்கிறார் கணவர். அவர் பொய் சொல்லவில்லை. அது 1940களில் செய்த பேனா.

இருநூறு பேனா வைத்திருப்பவருக்கு ஒரு பெருங்குறை உண்டு. எழுதுவதற்கு விஷயம் இராது. தம் பெயரையே நாள் முழுதும் எழுதிப் பார்ப்பார். “சும்மா எழுதுவதற்கு மளிகைச் சாமான் பட்டியலையாவது எழுதுங்கள்” என்று வீட்டில் சொல்ல, துவரம்பருப்பை நீல மையிலும் மல்லியைப் பச்சையிலும் மிளகாயைச் சிவப்பிலும் எழுதித் தந்தாராம் ஒருவர். கடைக்காரர் அதை இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, “நிக்காஹ் என்றைக்கு?” என்று கேட்டாராம்.

வங்கியிலோ தபால் நிலையத்திலோ ஒருவர் “கொஞ்சம் பேனா தருகிறீர்களா?” என்று கேட்டுவிட்டால் இவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். பிறர் கை அழுத்தினால் நிப்பு விரிந்துவிடுமே! அதற்காகவே ஒரு மலிவான பால்பாயிண்ட் பேனாவை இரவல் கொடுப்பதற்கென்று தனியாக வைத்திருப்பார்கள். அந்த ஒரு பேனாதான் அவர்களிடம் உள்ளவற்றில் அன்றாடம் உழைப்பது.

விபத்துப் பிரிவு

கதைகளில் சுவை மிகுந்தவை பழுதுபார்க்கப் போய்ப் பழுதாக்கிய கதைகளே. அவற்றை அறிந்துகொள்வது நமக்கும் நல்லது.

காய்ந்த மையைக் கரைக்க வெந்நீர் நல்லதென்று ஒருவர் தம் பாட்டனாரின் கறுப்புப் பேனாவைக் கொதிநீரில் போட்டார். பழைய பேனாக்கள் பல எபோனைட் என்னும் கெட்டி ரப்பரால் ஆனவை. சூடு பட்டால் அவற்றின் கறுப்பு மங்கிப் பழுப்பேறிவிடும். கறுப்பாக உள்ளே போன பேனா, காப்பி நிறத்தில் வெளியே வந்தது.

இன்னொருவர் தண்ணீரே சூடில்லாமல் குளிர்ந்திருக்கட்டும் என்று இரவு முழுதும் ஊறவைத்தார். அவருடைய பேனாவோ கேசின் என்னும் பொருளால் ஆனது. கேசின் பாலில் உள்ள புரதம். தண்ணீர் பட்டால் ஊறும். விடிந்ததும் பார்த்தால் பேனா பருத்துப்போய், மூடிக்குள் நுழைய மறுத்தது.

மூன்றாமவர் தண்ணீரே வேண்டாமென்று தீக்குச்சியைக் கையில் எடுத்தார். இறுகிய கழுத்துப் பகுதியை இளக்க இலேசாகச் சூடு காட்டலாம் என்பது அவர் எண்ணம். பளபளப்பான வண்ணப் பேனாக்கள் பல செல்லுலாய்டால் ஆனவை. பழைய சினிமாச் சுருள் எரிவதுபோல் அது நொடியில் எரியும். பேனா போயிற்று, புருவம் தப்பியது இறைவன் அருள்.

1952ஆம் ஆண்டில் ஷீஃபர் நிறுவனம் ‘ஸ்நார்கல்’ என்றொரு பேனாவை வெளியிட்டது. பின்பக்கத்தைத் திருகினால் நிப்புக்கடியிலிருந்து ஊசி போன்ற குழாய் நீண்டு வந்து மை குடிக்கும். மீண்டும் திருகினால் உள்ளே போய்விடும். இந்த மூக்கை எதோ பிதுங்கி வந்த கம்பி என்று கருதி, வெட்டி எடுத்துவிட்டுப் “பழுதை நீக்கிவிட்டேன்” என்று பெருமைப்பட்டவரும் உண்டு.

நம் பள்ளிப் பருவ வைத்தியங்களும் இவற்றுக்குச் சளைத்தவை அல்ல. நிப்பைப் பல்லால் கடித்துப் பிடுங்கினோம். பிளவை பிளேடால் கீறினோம். கீறல் எழுத்தைச் சரிசெய்யச் சிமெண்டுத் தரையில் உரைத்தோம். எழுதாத பேனாவை உதறினோம். முன்வரிசைப் பையனின் வெள்ளைச் சட்டை அதற்குச் சாட்சி சொன்னது. மிகக் கடினமான உலோகக் கலவையை ஊசிமுனை அளவுக்கு நிப்பின் நுனியில் பற்றவைத்திருக்கிறார்கள். எழுத்தின் உயிர் அந்தப் புள்ளியில்தான். தரையில் தேய்ந்தது அந்த உயிரே.

சபராளிகளுக்கும் ஒரு குறிப்பு. விமானம் மேலேறும்போது உள்ளே காற்றழுத்தம் குறையும். பாதி மையுள்ள பேனாவில் மீதி இடத்தை அடைத்திருக்கும் காற்று விரிந்து, மையை வெளியே தள்ளும். ஆகையால் பேனாவை நிறைத்தோ முழுக்கக் காலி செய்தோ, நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் புதிய ஜிப்பாவில் நீலக் கடல் ஒன்றோடு ஜித்தாவில் இறங்க நேரிடும்.

மை கசியும் கவலை புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் (953–975) ஆண்ட ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்முஇஸ், கையையும் உடையையும் கறைப்படுத்தாத, தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாத பேனா ஒன்றைச் செய்யச் சொன்னார் என்றும், கைவினைஞர் பொன்னால் அதைச் செய்து தந்தார் என்றும் அக்காலத்துக் காழி அந்நுஃமான் எழுதிவைத்திருக்கிறார். மன்னரின் ஆடையும் மாணவனின் சட்டையும் இந்த விஷயத்தில் ஒன்றே.

தொடாமல் விடும் வைத்தியம்

இந்தக் கதைகள் அனைத்திலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பேனாவைக் கெடுத்தவர் எவரும் அதை வெறுத்தவர் அல்லர்; மிகையாக நேசித்தவர்கள். கீழே விழுந்து அடிபட்டவற்றைவிட, அவசர அன்பால் அடிபட்டவையே அதிகம்.

கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் என்ன செய்வார்? முதலில் பேனாவைப் பார்ப்பார். இது எந்தப் பொருளால் ஆனது, எவ்வழியில் மை குடிப்பது என்று தெரியும் வரை கருவியைத் தொடமாட்டார். எழுதாத பேனா பலவற்றுக்கும் நோய் ஒன்றுதான்: காய்ந்த மை. கல்லாய் இறுகிய ரப்பர்க் குழாயை மாற்றுவது அடுத்த வேலை. நிப்பில் கை வைப்பது கடைசியில்தான்.

அதற்குக் காரணம் உண்டு. ஒருவர் இருபது முப்பது ஆண்டுகள் ஒரே பேனாவால் எழுதினால், அவர் பிடித்த சாய்வுக்கேற்ப நிப்பின் நுனி மெல்லத் தேய்ந்து, அவர் கைக்கு இசைந்துவிடுகிறது. பிறர் எழுதினால் அது சற்றே கீறும். அதைக் குறை என்று எண்ணி வழவழப்பாக உரைத்துவிட்டால் பேனா அழகாக எழுதும். ஆனால் எழுதியவரின் கை அதிலிருந்து மறைந்துவிடும். மலேயாவிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், வியாபாரக் கணக்கு, மகளின் நிக்காஹ் பதிவேட்டில் இட்ட கையொப்பம் ஆகிய அனைத்தும் சேர்ந்து செதுக்கிய முனையல்லவா அது! அதை நேராக்கித் தரச் சொல்லும் பிள்ளைகளிடம், “இது உங்கள் வாப்பாவின் கை. அழித்துவிடவா?” என்று ஒரு சொல் கேட்பதே நல்ல வைத்தியரின் கடமை.

இவ்வாறு கேட்கத் தெரிந்தவர்கள் அருகி வருகின்றனர். எழுதி முடித்ததும் எறியும் பேனாக்கள் பெருகியபின் தெருவோரப் பேனாப் பழுதுக்காரரைக் காண்பது அரிதாகிவிட்டது. தர்மதலாவின் அந்தச் சிறு கடையைத் தேடி மக்கள் வருவது அதனால்தான்.

நம் இல்லங்களில் அலமாரியின் மூலையில், பழைய பாஸ்போர்ட்டுக்கும் உடைந்த மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே, சபரிலிருந்து வந்த ஒரு பார்க்கரோ ஹீரோவோ உறங்கிக்கொண்டிருக்கும். அதை வெளியே எடுங்கள். கொதிநீர் வேண்டாம், தீ வேண்டாம், குறடு வேண்டாம். பேனாவை ஊறவைக்காமல், நிப்பு நனையும் அளவு குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, நிறம் தெளியும்வரை கழுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். அது எழுதத் தொடங்கியதும் சற்றே கீறினால், கீறட்டும். உங்கள் கையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். உங்களுக்கு முன் எழுதியவர் எப்படிப் பிடித்திருந்தார் என்பதை அந்தப் பேனாவே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.