சர்ச்சுவில் ஓர் இரவு

"யார்கிட்டயும் சொல்லிராதடா. தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்க." பக்கத்துக் கூடாரத்திலிருந்து கோயம்புத்தூர்த் தமிழ் கேட்டது. இடம்: மணாலி - லே நெடுஞ்சாலையில், சுமார் 14,000 அடி உயரத்தில் இருக்கும் சர்ச்சு. 2022 ஜூலையில் ஓர் இரவு. மணி எட்டு.

சர்ச்சு ஓர் ஊர் அல்ல. இமாசலப் பிரதேசமும் லடாக்கும் சந்திக்கும் இடத்தில் ஆற்றை ஒட்டி விரிந்த வெற்றுச் சமவெளி. கோடையில் கூடாரங்கள் முளைக்கும். பனி விழுந்து சாலை மூடியதும் மறைந்துவிடும். தில்லியிலிருந்து காரில் வந்த நானும் ஒரு வங்காளி நண்பரும் எங்கள் சொந்தக் கூடாரத்தை அடித்திருந்தோம். ஒருபுறம், வேனையே வீடாக்கி ஊர் சுற்றும் புனே தம்பதியர். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவி ஓய்வுபெற்ற செவிலியர். மறுபுறம், இருட்டும் நேரத்தில் புல்லட்டில் வந்திறங்கிய இரண்டு இளைஞர்கள்.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சாதாரணப் பாத்திரத்தில் அரிசி வேகாது. எங்கள் அரிசி புனே அம்மாளின் குக்கருக்குள் போனது. என் பருப்புப் பொடி அவர்கள் தட்டுக்குப் போனது. தாபாவில் டீ குடிக்க வந்த ஜார்க்கண்ட் சாலைத் தொழிலாளி ஒருவரும் சேர்ந்துகொண்டார். இளைஞர்கள் மட்டும் பசியில்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். நாங்கள் பேசியது இந்தி. அதனால், தமிழ் புரிந்தவர் அங்கே யாருமில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

இருவரில் ஒருவன் மூன்று முறை வாந்தி எடுத்திருந்தான். தலை பிளக்கிறது என்றான். அன்று காலைதான் மணாலியிலிருந்து கிளம்பியிருந்தார்கள். மணாலி 6,700 அடி. முன்பெல்லாம் ரோதங் கணவாயைத் தாண்டவே பாதி நாள் ஆகும். பெரும்பாலோர் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்கிவிடுவார்கள். 2020 அக்டோபரில் 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கம் திறந்த பிறகு சில மணி நேரம் மிச்சமாகிறது. அந்த உற்சாகத்தில் பலர் ஒரே நாளில் சர்ச்சு வரை வந்துவிடுகிறார்கள். இங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். அதற்குப் பழக உடம்புக்குச் சில நாட்கள் வேண்டும்.

மொழிபெயர்ப்பு என் தொழில். கேட்டால்தான் ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் சொல்வேன். இங்கே யாரும் கேட்கவில்லை. அவர்கள் கோவையிலிருந்து 3,000 கி.மீ. ஓட்டி வந்தவர்கள், அந்தக் கனவைக் கெடுக்க நான் யார்? பத்து நிமிடம் யோசித்தேன். பிறகு புனே அம்மாளிடம் போய்ச் சொன்னேன்.

அவர் டார்ச்சுடன் போனார். ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல் நுனியில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். நான்காவது அடியில் அவன் சாய்ந்தான். "நீங்க தமிழ்ங்களா?" என்று கேட்டான். குரலில் கோபம்தான் இருந்தது.

நடை தடுமாறுவது மூளை வீங்கத் தொடங்கியதன் அறிகுறி. உடனே கீழே இறக்க வேண்டும். ஆனால் சர்ச்சு ஒரு பொறி. லே பக்கம் போனால் 16,600 அடியில் லாச்சுலுங் லா. மணாலி பக்கம் 16,000 அடியில் பாரலாச்சா லா. இறங்குவதற்கே முதலில் ஏறியாக வேண்டும். தூரம் குறைவு, மருத்துவமனை உண்டு என்பதால் கேலாங் என்று முடிவானது.

வேனில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. ஆசிரியர் ஓட்டினார். அம்மாள் முகமூடியைப் பிடித்துக்கொண்டார். பையன் தூங்கிவிடாமல் நான் பேச்சுக் கொடுத்தேன். வீட்டைப் பற்றி, பொள்ளாச்சிச் சந்தையைப் பற்றி. பாரலாச்சாவில் அவன் பதில்கள் குழறின. ஜிஸ்பாவை நெருங்கும்போது தண்ணீர் கேட்டான். விடியும் நேரத்தில் கேலாங் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தான்.

புல்லட்டுகள்? ஒன்றை அவன் நண்பன் ஓட்டி வந்தான். மற்றதை இரவெல்லாம் தாபாக்காரம்மா பார்த்துக்கொண்டார். ஜார்க்கண்ட் தொழிலாளி காலையில் ஒரு லாரிக்காரரிடம் பேசி அதை ஏற்றிவிட்டார். லாரிக்காரர் வாடகை வாங்கவில்லை.

இரண்டு நாளில் தேறினான். என்னிடம் அதிகம் பேசவில்லை. "லே பாக்கணும்னு ரெண்டு வருஷம் காசு சேத்தோம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெற்கே திரும்பினான். நானும் நண்பரும் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கி, மெதுவாக லே போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவன் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது.

2024 ஆகஸ்டில் ஒரு தபால் அட்டை வந்தது. லே தபால் முத்திரை. "மணாலியில் 2 நாள், ஜிஸ்பாவில் 2 நாள் தங்கி வந்தோம். சர்ச்சுவில் தலை வலித்தது. உடனே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்."