புகைக்குழாய் ஒன்று செய்வித்தோம்

எமக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதன் உள்ளுறுப்புகளின் பெயர்களும் அண்மைக்காலம்வரை தெரியா. இருந்தும், பூவரசங்குளத்துக் கராஜ் ஒன்றின் மாமர நிழலிலே, கவிழ்த்த வாளியொன்றின்மேல் இரண்டு நாள் முழுவதும் வீற்றிருந்து, புகைக்குழாய் ஒன்று உருவாவதைப் பார்த்தோம். காரணம் உண்டு.

எம் தம்பி மகன் வைத்திருப்பது 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத எஞ்சினுள்ள ஜப்பானியச் சிறு கார். ஆயினும் டர்போ பூட்டியது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட பின்னர், இருக்கிற வண்டியையே பேணி ஓட்டும் நிலை நாடெங்கும் வந்ததல்லவா? பிள்ளையோ பேணுவதோடு அமையவில்லை. "டவுன்பைப்பை மாத்தினால் கார் பறக்கும், பெரியப்பா" என்றான். வாரந்தோறும் தன் பெரியம்மாவை வவுனியா வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் கார் ஏன் பறக்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவன் கணக்கிலே பிழையில்லை. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905 இலே காப்புரிமை கோரிய யோசனைதான் டர்போ. எஞ்சின் கழிக்கும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சிலுள்ள மற்றச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் புகுத்துகிறது. நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றையும் கடக்கும் வேகம்! சக்கரத்தைத் தள்ளுவது அதன் முன்னும் பின்னுமுள்ள அமுக்க வேறுபாடு. ஆகவே, சக்கரத்தைக் கடந்த புகை தடையின்றி இறங்கினால் வேகம் விரைந்து ஏறும். அது இறங்கும் குழாயே டவுன்பைப்.

வெளியூர்க் கராஜ் ஒன்றிலே அகன்ற குழாய் பூட்டுவித்து வந்தான். முழக்கம் கேட்டு ஒழுங்கையில் படுத்திருந்த நாய்கள் எழுந்தோடின. மூன்று வாரம் சென்றிருக்கும். மாரி மழை, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மன்னார் வீதியால் திரும்பிக்கொண்டிருந்தோம். மனைவியார் தலை பாரமாயிருக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். நோயின் களைப்பென்று எண்ணினோம். சற்று நேரத்தில் எமக்கும் தலை இடித்தது. அப்போதுதான் பிள்ளை காரை ஓரங்கட்டி, கொட்டும் மழையிலே நான்கு கதவுகளையும் திறந்தான்.

குழாய் வெடித்திருந்தது. எஞ்சின் அறையிலே கசிந்த புகையைக் காற்றுவிசிறி உள்ளே இழுத்திருக்கிறது. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் பிடிக்கும். இதனை வகுப்பிலே எத்தனையோ ஆண்டு படிப்பித்தவர் நாம்!

பூவரசங்குளத்து மெக்கானிக் முதியவர். 1990களின் தடைக்காலத்திலே, சிறு போத்தல் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் பழைய ஓஸ்ரின் கார்களை ஓடவைத்த கை. குழாயைக் கழற்றிப் பார்த்தவர் சிரித்தார்.

"எஞ்சின் ரப்பருக்கு மேலை ஆடுற சாமான், மாஸ்ரர். இறுக்கிக் கட்டின குழாய் என்ன செய்யும்? வெடிக்கத்தான் செய்யும். நடுவிலை வளையிற துண்டு ஒண்டு வேணும்."

இன்னொன்றும் கண்டார். புகையைச் சுத்திகரிக்கும் பகுதியை, பிளாற்றினமும் பலேடியமும் உரோடியமும் பூசிய தேன்கூடு போன்ற அதனை, அறுத்தெடுத்தே முன்னைய குழாயைப் பூட்டியிருந்தார்கள். அது இல்லாவிடில் 2008 முதல் நடைமுறையிலுள்ள வருடாந்தப் புகைப் பரிசோதனையிலே சித்தியடைவதெப்படி? நல்லவேளை, பழைய குழாய் எம் விறகுக் கொட்டிலிலே கிடந்தது. "அதைத் திருப்பிப் போட்டால் இழுவை குறையும்" என்று பிள்ளை முணுமுணுத்தான். "குறையட்டும்" என்றோம். அன்று மாலைவரை அவன் எம்முடன் பேசவில்லை.

வேலை தொடங்குமுன் பற்றரியைக் கழற்றிவைத்தார். வெல்டிங் மின்சாரம் காரின் கணினியைக் கெடுத்துவிடுமாம். பிறகு தாச்சியிலே மணல் வறுத்தார்! ஈரமணல் சூட்டிலே ஆவியாகிக் குழாயைப் பிளந்துவிடும். வறுத்த மணலை இறுக நிரப்பி, இரு வாயையும் அடைத்துச் செந்தணலாகக் காய்ச்சி வளைத்தால் வளைவு நசுங்காது. வளைத்த துண்டுகளைக் காரிலேயே பொருத்தி அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் ஒட்டினார். கழற்றி, வாய்த்தகட்டைத் தடித்த இரும்பொன்றுடன் முறுக்கிப் பூட்டி, தகடு கோணாதபடி ஆறவிட்டு ஆறவிட்டு முழுதும் ஒட்டினார். ஒட்சிசன் உணரிக்கு உரிய இடத்திலே ஒரு நட்டும் வைத்தார். அவசரம் என்பதே அவரிடம் இல்லை, எமக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் மாலை, எஞ்சினை இயக்கிச் சூடேறுமுன் பின்வாயைத் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒட்டுகளிலெல்லாம் சவர்க்கார நீர் பூசச் சொன்னார். தூரிகையை வாங்கிப் பூசியவன் எம் பிள்ளை. ஓரிடத்திலே சிறு குமிழிகள் தோன்றின. "இன்னொருக்கா கழற்றுவம்" என்று பிள்ளையே சொன்னான்.

அடுத்த வாரம் மனைவியாரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். தூறல் விழுந்தது. "இனிப் புகை வராது பெரியம்மா, கண்ணாடியை ஏத்துங்கோ" என்றான். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குருமன்காடு வரும்வரை கண்ணாடியை ஏற்றவேயில்லை.